கிராம்பு டப்பா

அன்புள்ள ஐயா,

எனக்கு 44 வயது. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் நல்லபடியாகவே இருக்கின்றன. போன வருடம் லடாக் போய் பாங்காங் ஏரிக்கரையில் நின்றபோது, உயிரோடு இருக்கிறேன் என்று உடம்பெல்லாம் உணர்ந்தேன். ஊர் திரும்பிய மூன்றாம் நாளே பழைய கதை. காலையில் தெருமுனையில் ஓர் அம்மா பூ கட்டிக்கொண்டிருப்பார்; அவரைத் தாண்டி பஸ்ஸுக்கு ஓடுவேன். இரவு அதே வழியில் திரும்புவேன். அந்த உணர்வு அன்றாடத்தில் வாய்க்காதா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

2021 மே மாதம் கொரோனா வந்து எனக்கு வாசனையே தெரியாமல் போனது. காய்ச்சல் நாலு நாளில் விட்டது, மூக்கு மட்டும் சரியாகவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கரிந்துகொண்டிருக்க, இரண்டடி தள்ளிப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். புகையைப் பார்த்துத்தான் அணைத்தேன். ரசம் வெறும் புளிப்புச் சுடுதண்ணீர். மகள் மடியில் வந்து உட்கார்ந்தால் அவள் தலையில் ஒரு வாசமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவர் தன் குழுவோடு 2009-இல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் சில நொடிகள் மோந்து பார்க்க வேண்டும், 12 வாரம். மோந்தால் மட்டும் போதாது, அந்த வாசனையை நினைவிலும் தேடுங்கள் என்றார். ரோஜாவுக்குப் பன்னீர், யூகலிப்டஸுக்கு நீலகிரித் தைலம் என்று ஜன்னலோரம் வரிசையாக வைத்துக்கொண்டேன். கிராம்பு டப்பாவைத் திறந்து கண்ணை மூடி, பாட்டி பல்வலிக்கு அதைக் கடைவாயில் அடக்கிக்கொள்வதை நினைப்பேன். ஐந்தாவது வாரம் கிராம்புதான் முதலில் வந்தது, பக்கத்து வீட்டில் யாரோ பேசுவதுபோல. அப்புறம் தாளிப்பில் பெருங்காயம். பிறகு ஒரு மாலை, மகள் தலையில் தேங்காயெண்ணெயும் வியர்வையும். அவளை இறக்கிவிட மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

லடாக்கை நான் குறை சொல்லவில்லை. அங்கே எல்லாமே புதுசு, கண்ணும் காதும் தானாகத் திறந்துகொள்ளும். ஊரில் நாமாகத்தான் திறக்க வேண்டும். நாள் முழுக்க அது முடியாது. மூக்கு சரியான பிறகு எனக்கும் பல நாள் மறந்துபோகிறது. ஆனாலும் காலையில் அந்த டப்பாவை மட்டும் திறந்துவிடுகிறேன்.

ஓடுகிற ஓட்டத்திலும் பூ கட்டும் அம்மா உங்கள் கண்ணில் பட்டிருக்கிறார், கடிதத்திலும் வந்துவிட்டார். நாளை அங்கே இரண்டு நிமிடம் நில்லுங்கள், ஒரு முழம் வாங்குங்கள். வாழைநாரில் கட்டுகிறாரா, நூலிலா? ஒரு முடிச்சுக்கு எத்தனை பூ? பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.