ரீபில்ட் கொடுத்தால்தான் புதிய வாசகம் வருகிறதா?

கேள்வி: வெள்ளவத்தையில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன். சி++, விசுவல் ஸ்டூடியோ. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் திரையில் வரும் வாசகங்கள் ஒரு ஜேசன் கோப்பில் இருக்கின்றன. பைதன் ஸ்கிரிப்ட் அதைப் படித்து ஒரு ஹெடரையும் ஒரு சிபிபி கோப்பையும் உருவாக்குகிறது. அந்த ஸ்கிரிப்டை, பில்டுக்கு முன் ஓடும் ப்ரீ-பில்ட் ஈவென்ட்டில் போட்டிருக்கிறேன். ஜேசனைத் திருத்தி ஓட்டினால் பழைய வாசகமே வருகிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து உருவாக்கும் ரீபில்ட் கொடுத்தால்தான் மாறுகிறது. தமிழும் சிங்களமும் கிறுக்கலாகத் தெரிகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ஸ்கிரிப்டில் பிழை தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம், அது ஓடவேயில்லை. பில்ட் கொடுத்ததும் விசுவல் ஸ்டூடியோ முதலில் பார்ப்பது, புரொஜெக்டில் எதுவும் மாறியிருக்கிறதா என்பதைத்தான். உங்கள் ஜேசன் அதன் கணக்கிலேயே இல்லை. எதுவும் மாறவில்லை என்று முடிவெடுத்தால் ப்ரீ-பில்ட் ஈவென்ட் வரைக்கும் போகாது.

ஈவென்ட்டை எடுத்துவிடுங்கள். ஜேசன் கோப்பைப் புரொஜெக்டில் சேர்த்து, ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, ஜெனரல் பக்கத்தில் ஐட்டம் டைப்பை கஸ்டம் பில்ட் டூல் என்று மாற்றி அப்ளை கொடுங்கள். அதன்பிறகுதான் இடப்பக்கம் அந்தப் பெயரில் புதிய பக்கம் தோன்றும். அங்கே கமாண்ட் லைனில் பைதன் கட்டளை. அவுட்புட்ஸில் உருவாகும் இரண்டு கோப்புகளின் பாதையும், நடுவில் அரைப்புள்ளி. இதை வெறுமையாக விட்டால் கட்டளை ஓடாது; பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அடிஷனல் டிபென்டன்சீஸில் பைதன் ஸ்கிரிப்டின் பாதையைப் போடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு ஸ்கிரிப்டைத் திருத்தும்போது இதே தலைவலி திரும்பவும் வரும்.

ஒன்று சொல்ல வேண்டும்: இவற்றை நிரப்பும் முன் மேலே ஆல் கான்ஃபிகரேஷன்ஸ், ஆல் பிளாட்ஃபாம்ஸ் என்று தெரிவு செய்யுங்கள். டிபக்கில் மட்டும் போட்டுவிட்டு, ரிலீஸ் பில்டில் பழைய வாசகத்தோடு கடைக்காரர் கையில் கொடுப்பது ரொம்பச் சுலபம்.

உருவாகும் கோப்புகளுக்குத் தனி ஃபோல்டர் ஒன்று வையுங்கள். சிபிபியைப் புரொஜெக்டில் சேர்த்து, ஃபோல்டரை இன்க்ளூட் பாதையில் போடுங்கள். ப்ரீகம்பைல்ட் ஹெடர் (முன்கூட்டியே கொம்பைல் செய்து வைக்கும் ஹெடர்) பாவிக்கிறீர்கள் என்றால் அந்த ஒரு சிபிபிக்கு மட்டும் அதை நிறுத்துங்கள். கோட் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட்டில் இந்த ஃபோல்டரை இக்னோர் செய்வதே என் விருப்பம். கிட்டில் இருந்தால் யாராவது ஒருவர் அதைக் கையால் திருத்துவார், அடுத்த பில்டில் அது காணாமல் போகும்.

அப்புறம் கிறுக்கல். இதற்கு இரண்டு இடம் பார்க்க வேண்டும். விண்டோஸில் பைதன் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் சொல்லாவிட்டால் பெரும்பாலும் சிஸ்டத்தின் கோட் பேஜை, அதாவது அதன் பழைய எழுத்து அட்டவணையை, எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் அது 1252. அதில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. படிக்கும்போதும் எழுதும்போதும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கொம்பைலரும் அப்படித்தான், யூடிஎஃப்-8 என்று காட்டும் தொடக்கக் குறியான பிஓஎம் இல்லாத கோப்பைக் கோட் பேஜிலேயே வாசிக்கும். சி++ அமைப்புகளின் கமாண்ட் லைன் பக்கத்தில், அடிஷனல் ஆப்ஷன்ஸில், சாய்கோடு போட்டு யூடிஎஃப்-8 என்று சேருங்கள். ஸ்கிரிப்டிடம் வாசகங்களை எல் என்ற ஆங்கில எழுத்து முன்னொட்டுடன் வைட் ஸ்ட்ரிங்காக எழுதச் சொன்னால், விண்டோஸின் யூனிகோட் ஃபங்ஷன்களுக்கு அப்படியே கொடுக்கலாம்.

நேரமிருந்தால் இதையும் செய்யுங்கள். ஒரு வாசகத்துக்குச் சிங்கள மொழிபெயர்ப்பு விடுபட்டிருந்தால், ஸ்கிரிப்ட் இந்த வரிசையில் ஒரு வரியை அச்சிடட்டும்: கோப்பின் பாதை, அடைப்புக்குறிக்குள் வரி எண், முக்காற்புள்ளி, எரர் என்ற ஆங்கிலச் சொல், ஒரு குறியீடு, மறுபடி முக்காற்புள்ளி, செய்தி. பிறகு பூச்சியம் அல்லாத எக்ஸிட் கோடுடன் முடியட்டும். பில்ட் அங்கேயே நிற்கும். எரர் லிஸ்டில் அதை டபுள் கிளிக் செய்தால் ஜேசனில் விடுபட்ட வரிக்கே போய்விடலாம்.