1,000 மணி நேரச் சோதனையை நம்பி பாய்லர் குழாயின் ஆயுளைச் சொல்லலாமா?

கேள்வி: அனல்மின் நிலையப் பராமரிப்பில் இருக்கிறேன். சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடாக்கும் பகுதி) குழாய் 2.25 குரோமியம் - 1 மாலிப்டினம் ஸ்டீல். நீராவி 540 டிகிரி செல்சியஸ். அதே ஸ்டீலை 620 டிகிரியில், இரு மடங்கு தகைவில் (ஓரலகுப் பரப்பில் விழும் விசை) 1,000 மணி நேரம் சோதித்த க்ரீப் (சூட்டில் சுமை தாங்கும் உலோகம் மெல்ல மெல்ல உருமாறிக்கொண்டே போவது) அறிக்கை இருக்கிறது. அதை வைத்து மீதி ஆயுளைக் கணக்கிடலாமா? ஆஷ்பி வரைபடம் உதவுமா?

பதில்: உதவும். ஆனால் ஆயுளைச் சொல்ல அல்ல. உங்கள் சோதனையை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க.

எந்த வெப்பநிலையில், எந்தத் தகைவில் உலோகம் எந்த வழியில் உருமாறும் என்று பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டுவது ஆஷ்பி வரைபடம். மைக்கேல் ஆஷ்பி 1972இல் வெளியிட்ட அந்தப் படத்தில் கிடைமட்ட அச்சு வெப்பநிலை, செங்குத்து அச்சு தகைவு. வெப்பநிலையை உருகுநிலையின் பங்காகக் கெல்வினில் குறிப்பார்கள். இரும்பு உருகுவது 1,811 கெல்வினில். உங்கள் 540 டிகிரி 813 கெல்வின். பங்கு 0.45. உலோகங்களில் 0.3, 0.4 தாண்டினாலே க்ரீப் தலைகாட்டும். அதனால் 'யீல்டுக்கு (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) வெகு கீழேதானே இருக்கிறோம்' என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

சோதனைப் புள்ளியையும் குழாய் வேலை செய்யும் புள்ளியையும் படத்தில் குறியுங்கள். இரண்டும் ஒரே பகுதிக்குள் விழுந்தால் சரி. நடுவே எல்லைக்கோடு வந்தால்தான் வம்பு. மேலே, டிஸ்லொகேஷன்கள் (படிக அடுக்கில் உள்ள கோட்டுக் குறைகள்) நகர்ந்து உருமாறும் பகுதியில் க்ரீப் வேகம் தகைவின் ஐந்தாம் அடுக்கைப் போல ஏறும். தகைவைப் பாதியாக்கினால் வேகம் 32இல் ஒரு பங்கு. கீழே, அணுக்கள் ஊடுருவி நகரும் பகுதியில் பாதியாகத்தான் குறையும். மேலே கிடைத்த விதியைக் கீழே நீட்டினால் குழாய்க்கு இல்லாத ஆயுளை எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். இன்னொன்று: ஒரு படம் ஒரு கிரெய்ன் (உலோகத்துக்குள் இருக்கும் நுண்படிகம்) அளவுக்குத்தான் பொருந்தும். கிரெய்ன் எல்லை வழியாக அணுக்கள் நகரும்போது, கிரெய்ன் அளவு பாதியானால் வேகம் எட்டு மடங்கு. உங்கள் குழாயின் கிரெய்ன் அளவுக்கான படத்தையே எடுங்கள்.

எல்லைக்கோடுகள் தோராயமானவை, கோட்டை ஒட்டி விழும் புள்ளியைத் தாண்டியதாகவே நான் எடுத்துக்கொள்வேன்.

அப்புறம், ஆயுளுக்கு, வெப்பநிலையையும் முறியும் நேரத்தையும் இணைக்கும் லார்சன்-மில்லர் கணக்கு இருக்கிறது. மாறிலி 20 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: 540 டிகிரியில் 1,00,000 மணி நேரம் தாங்கும் குழாய், அதே தகைவில் 550இல் ஏறக்குறைய 50,000, 560இல் 25,000. ஆனால் 540 என்பது நீராவியின் வெப்பம்; குழாய்ச் சுவர் அதைவிடச் சூடாக இருக்கும். உள்பக்க ஆக்சைடு படிவின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து சுவரின் வெப்பநிலையை மதிப்பிடுங்கள். படத்தில் புள்ளி வைப்பது அதற்குப் பிறகு.