சாங்ரியா ஏன் கசந்தது?

கேள்வி: வீட்டு விருந்துக்கு, சிவப்பு வைனில் பழம் ஊறவைக்கும் ஸ்பெயின் நாட்டுப் பானமான சாங்ரியா செய்தேன். ஓக் மரப் பீப்பாயில் முதிர்ந்த கேபர்னே சாவின்யோன் சிவப்பு வைன் ஒரு பாட்டில், இரண்டு சாத்துக்குடியின் சாறு, தோலோடு வட்டமாக நறுக்கிய இன்னொரு சாத்துக்குடி, ஒரு ஆப்பிள், சர்க்கரை. பழம் நன்றாக ஊறட்டும் என்று இரண்டு இரவு ஃபிரிட்ஜில் வைத்தேன். ஊற்றினால் ஒரே கசப்பு, சர்க்கரையோ ஜாடியின் அடியில் கிடக்கிறது. எங்கே தவறு?

பதில்: முதல் சந்தேகம் சாத்துக்குடி மேல்தான். பிழிந்தவுடன் குடித்தால் இனிக்கிற அந்தச் சாறு, வைக்க வைக்கக் கசக்கும். ஜூஸ் கடைக்காரர்கள் கண்ணெதிரே பிழிந்து கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழத்தில் கசப்பில்லாமல் இருக்கும் ஒரு பொருள், பிழிந்த பிறகு சாற்றின் புளிப்பில் மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. இரண்டு இரவு அதற்குத் தாராளம். போதாததற்குத் தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சும் வைனில் ஊறியிருக்கிறது.

அடுத்தது வைன். கேபர்னேயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், ஓக் பீப்பாய் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். கறியோடு சாப்பிடும்போது அந்தத் துவர்ப்பு சுகம்தான். ஆனால் டானினைக் குளிரவைத்தால் துவர்ப்பும் கசப்பும் தூக்கலாகத் தெரியும், சாங்ரியாவோ சில்லென்று குடிக்கிற பானம். ஸ்பெயினில் இதற்குப் பீப்பாய் பார்க்காத இளம் கார்னாச்சா, டெம்ப்ரனியோ வைன்களைத்தான் எடுப்பார்கள். நம் ஊரில் நாசிக் பக்கத்து ஜின்ஃபாண்டெல், அல்லது ஓக் வாசமில்லாத எந்த மலிவான சிவப்பு வைனும் போதும். விலை உயர்ந்த பாட்டிலை இதில் கொட்டுவது பாஸ்மதியில் புளியோதரை கிளறுவது போல.

சர்க்கரைக்கு வருவோம். குளிர்ந்த வைனில் அது சட்டென்று கரையாது. 50 கிராம் சர்க்கரை, 50 மில்லி தண்ணீர், ஒரு அங்குலப் பட்டை. மூன்றையும் ஒரு கொதி விட்டு இறக்கி ஆறவைத்துப் பட்டையை எடுத்துவிடுங்கள். கடையில் பட்டை என்று கிடைப்பதில் பெரும்பாலானது காசியா என்ற வகை. காரம் கூடுதல் என்பதால் ஜாடியிலேயே போட்டு ஊறவைத்தால் மற்ற வாசனையை அமுக்கிவிடும்.

இனி அளவு. 750 மில்லி வைன் பாட்டிலை முதலில் ஃபிரிட்ஜில் குளிரவையுங்கள். அகலமான கண்ணாடி ஜாடியில் வைனை ஊற்றி, ஒரு ஆரஞ்சின் சாறு (சுமார் 80 மில்லி), அரை எலுமிச்சைச் சாறு, 60 மில்லி பிராந்தி, செய்துவைத்த பாகில் பாதி ஆகியவற்றைச் சேருங்கள். ஆரஞ்சு என்றால் கமலா ஆரஞ்சு, சாத்துக்குடி வேண்டாம். தோல் வாசனை வேண்டுமென்றால் நன்கு கழுவிய பழத்தில் பீலரால் இரண்டு கீற்று சீவிப் போட்டு, இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். சீவிய கீற்றைத் திருப்பிப் பாருங்கள்: வெள்ளை தெரிந்தால் கத்தியால் வழித்துவிட வேண்டும்.

பழத்தில் ஆப்பிளும் அன்னாசியும் ஊறினாலும் உருக்குலையாது. பப்பாளியும் வாழையும் கரைந்து பானத்தைக் கலங்கலாக்கும். மாம்பழமோ ஸ்ட்ராபெர்ரியோ ஆசையாக இருந்தால் பரிமாறுகிற நேரத்தில் போடுங்கள். ஊறும் நேரம் இரண்டு முதல் நான்கு மணி. அதற்கு மேல் பழத்துக்கும் லாபமில்லை, வைனுக்கும் லாபமில்லை.

குளிர்ந்த பிறகு ருசி பாருங்கள். சில்லென்றிருக்கும்போது இனிப்பு குறைவாகத் தெரியும், அப்போதுதான் மீதிப் பாகு எவ்வளவு வேண்டும் என்று சரியாகப் பிடிபடும். 250 மில்லி சோடாவைக் கடைசியில், விருந்தினர் உட்கார்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஸ்பெயினில் இந்த இடத்துக்கு வருவது கசேயோசா என்ற லேசான இனிப்புச் சோடா. இனிப்பான எலுமிச்சை சோடா ஊற்றுவதாக இருந்தால் மீதிப் பாகைத் தொடாதீர்கள். ஐஸை ஜாடியில் கொட்ட வேண்டாம், தண்ணியாகிவிடும். டம்ளருக்கு இரண்டு பெரிய கட்டிகள் போதும்.

இந்த அளவில் 13 சதவீத வைனும் 40 சதவீத பிராந்தியும் கலந்தால், ஜாடியில் ஆல்கஹால் ஏறத்தாழ 10 சதவீதம் நிற்கும். 200 மில்லி டம்ளர் ஒன்று, 150 மில்லி தனி வைனுக்குச் சமம். இனிப்பு அதை மறைத்துவிடுவதால் மூன்றாவது டம்ளர் வரை யாருக்கும் உறைக்காது. ஆப்பிள் துண்டுகளும் நிறையவே உறிஞ்சியிருக்கும், குழந்தைகள் எடுத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிராந்தியை விட்டுவிட்டாலும் ருசி பெரிதாகக் குறையாது. இவ்வளவு வேலையே வேண்டாம் என்றால் சிவப்பு வைனும் கசேயோசாவும் சரிபாதி, மேலே ஒரு எலுமிச்சை வட்டம்: டின்டோ டி வெரானோ. ஸ்பெயின்காரர்கள் கோடையில் தங்களுக்கென்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் இதைத்தான்.

இப்போது ஃபிரிட்ஜில் இருக்கும் ஜாடிக்கு: பழத்தை எல்லாம் வடிகட்டி எறியுங்கள். ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்குங்கள். கரிக்கிற அளவுக்கு வேண்டாம், உப்பு கசப்பை அமுக்கும். கரைத்த பாகு கொஞ்சம், சோடா பாதிக்குப் பாதி. லிமோனின் எங்கும் போகாது, ஆனால் குடிக்கிற பதத்துக்கு வரும். அதற்கும் மசியவில்லையென்றால் கொட்டிவிடுங்கள்.