வீட்டில் டிசைன் வேலை, கூடவே பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

வீட்டிலிருந்தே கிராஃபிக் டிசைன் செய்யும் பெற்றோர் கேட்ட ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஃபிளெக்ஸ் எல்லாம் வீட்டிலேயே டிசைன் செய்து தருகிறேன். மூத்தவன் நான்காம் வகுப்பு, சின்னவளுக்கு நாலு வயது. உட்கார்ந்து பத்து நிமிடம் ஆவதற்குள் யாராவது கூப்பிடுகிறார்கள். சமீபத்தில் ஒரு பத்திரிகையில் தேதி சரியாகவும் கிழமை தப்பாகவும் அச்சாகி, 500 பிரதியை என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். நேரத்தை எப்படித்தான் ஒதுக்குவது?
– வாசகி, ஈரோடு

பதில்: கிழமை தப்பியதற்குப் பிள்ளைகள் காரணமில்லை. முந்தைய கல்யாணத்தின் ஃபைலைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, வேறு பெயரில் சேமிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நடுவில் எழுந்து போய்விட்டு வந்தால் எது மாற்றியது, எது மாற்றாதது என்று கண்ணுக்குத் தெரியாது. பழைய கிழமை அப்படியே தங்கிவிடும்.

காலி மாதிரி ஃபைல் ஒன்று தயார் செய்யுங்கள். மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், தேதி, கிழமை, தமிழ்த் தேதி, முகூர்த்த நேரம், மண்டபம், கைபேசி எண் என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறுகிற எல்லாமே அதில் பளிச்சென்ற மஜென்டா நிறத்தில் இருக்கட்டும். ஒன்றை மாற்றி முடித்த பிறகுதான் அதற்குரிய நிறத்தைக் கொடுக்க வேண்டும். சின்னவள் அழுது, நீங்கள் எழுந்துபோய் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினாலும், திரையில் மஜென்டா நிற்கிற இடத்தில்தான் வேலை பாக்கி.

இனி நேரத்துக்கு வருவோம். மணிக்கணக்கைப் பிரிப்பதற்கு முன்னால் வேலையைப் பிரியுங்கள். லேஅவுட் யோசிப்பது, தலைப்பெழுத்து வரைவது, வண்ணம் முடிவு செய்வது ஆகியவற்றுக்கு இடையூறில்லாத ஒன்றரை மணி நேரம் வேண்டும். இதைச் சின்னவள் அங்கன்வாடியில் இருக்கும் நேரத்திலோ விடியற்காலையிலோ வையுங்கள். படத்தின் பின்னணியை வெட்டுவது, ஸ்கேன் செய்த லோகோவைத் திரும்ப வரைவது, பெயர்ப் பட்டியல் டைப் செய்வது போன்றவற்றைப் பாதியில் விட்டாலும் கெட்டுப்போகாது. அவை மாலையில், பிள்ளைகள் சுற்றி இருக்கும்போது நடக்கலாம். மூன்றாவது, அச்சுக்கு அனுப்பும் முன் சரிபார்ப்பது. அரை மணி நேரம்தான் ஆகும், ஆனால் அந்த அரை மணி நேரம் பக்கத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. டிசைன் முடித்த கையோடு அதைச் செய்யவும் கூடாது. கண் பழகிவிட்டால் தப்பு தெரியாது. ராத்திரி முடித்ததை மறுநாள் காலையில் பாருங்கள்.

சரிபார்ப்பதைத் திரையில் செய்யாதீர்கள். ஏ4 தாளில் கருப்பு வெள்ளையில் எடுத்து, பேனாவை வைத்துக்கொண்டு பாருங்கள். தேதி, கிழமை, தமிழ்த் தேதி மூன்றையும் தினசரிக் காலண்டரில் அந்த நாளின் தாளைத் திருப்பி ஒத்துப் பார்க்க வேண்டும். பிறகு முகூர்த்த நேரம் காலையா மாலையா என்பது, இனிஷியல்கள், கைபேசி எண்ணின் பத்து இலக்கங்கள்.

அதன்பின் ஃபைல். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்திருந்து அச்சகத்துக் கணினியில் அது இல்லாவிட்டால், தமிழ் முழுவதும் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோரல்டிராவில் கண்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ கொடுத்து எழுத்துகளை வளைகோடாக்கி (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி), வேறு பெயரில் சேமியுங்கள். கடைசி நேரத் திருத்தம் வந்தால் டைப் செய்யக்கூடிய மூல ஃபைல் கையில் இருக்க வேண்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் செய்பவர்கள், ஃபோட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ‘கெ’, ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறிப் பின்னால் போய்விடும். சிறிய எழுத்துகள் கருப்பு மை 100 சதவீதத்தில் மட்டும் இருக்கட்டும். நான்கு நிறமும் கலந்த கருப்பாக இருந்தால், ரெஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) இம்மி விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிழல் அடிக்கும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியேயும் நீளும் டிசைன்) விடுங்கள். எழுத்து எதுவும் வெட்டுக் கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் வர வேண்டாம்.

இன்னொன்று. வீட்டுக் காலண்டரில் கல்யாண மாதத்தைக் குறிப்பதைவிட, அதற்கு முந்தைய மாதத்தைக் குறியுங்கள். வைகாசி முகூர்த்தங்களுக்கான பத்திரிகை பங்குனி கடைசியிலும் சித்திரையிலும் வரும்; மூத்தவனுக்கு முழு ஆண்டுத் தேர்வும் அப்போதுதான். தை மாதக் கல்யாணங்களுக்கான பத்திரிகை மார்கழியில் வரும். காலண்டர், பொங்கல் பேனர் வேலையும் சேர்ந்துகொள்ளும். அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை என்று ஓய்வை எதிர்பார்க்காதீர்கள். ஆவணிப் பத்திரிகையும் ஆடித் தள்ளுபடி நோட்டீஸும் சேர்ந்தே வரும். இந்த வாரங்களில் தாத்தா பாட்டி வந்து தங்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். முடியாவிட்டால் வேலையைக் குறைத்து ஒப்புக்கொள்வதுதான் வழி.

கேள்வி: ஏழு வயது மகன் எதையும் தானாகச் செய்வதில்லை. நானும் டெட்லைன் அவசரத்தில் அவன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறேன். டிசைனர் என்பதால் அழகாக ஒரு சார்ட் போட்டு, பன்னிரண்டு கட்டம், நட்சத்திர ஸ்டிக்கர் எல்லாம் வைத்தேன். ஒரு வாரம் ஓடியது, அப்புறம் திரும்பியும் பார்க்கவில்லை. என்ன தப்பு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பன்னிரண்டு கட்டம்தான் தப்பு. ஸ்டிக்கர் இரண்டாவது தப்பு: ஸ்டிக்கருக்காகத் தொடங்கிய வேலை ஸ்டிக்கர் சலித்ததும் நின்றுபோகும். மூன்றாவதும் இருக்கலாம், பின்னணியில் ஒரு நிறம் இன்னொன்றாக மெல்ல மாறும் கிரேடியன்ட், ஓரத்தில் பூ வேலைப்பாடு என்று இருந்தால் பிள்ளையின் கண் அலங்காரத்தில்தான் நிற்கும்.

புதிதாகப் போடுங்கள். ஏ4 தாளைக் கிடைமட்டமாக வைத்து, வெள்ளைப் பின்னணியில் மூன்றே படங்கள், ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டர். கிளிப்ஆர்ட் வேண்டாம். அவனுடைய தண்ணீர் பாட்டில், அவனுடைய டிபன் பாக்ஸ், அவனுடைய ஷூவைப் படம் எடுத்துப் பின்னணியை வெட்டிப் போடுங்கள். கீழே இரண்டு சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். லேமினேட் செய்து, அந்த வேலைகள் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள். படிக்கிற மேசைக்கு மேலே ஒட்டிய சார்ட் அடுப்படியில் ஞாபகம் வராது.

அடுத்து, ‘அப்பாவுக்கு உதவி செய்’ என்று துண்டு துண்டாகக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள். தண்ணீர் பாட்டிலையே எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் பையிலிருந்து எடுப்பது, பிரஷ் போட்டுக் கழுவுவது, மூடியைத் தனியாகக் கழற்றிக் கவிழ்த்து வைப்பது, காலையில் நிரப்பிப் பையில் வைப்பது, இந்த நான்கும் சேர்ந்து ஒரே பொறுப்பு. இதில் ‘நிரப்புவது மட்டும் அம்மா’ என்று பிரித்தால் பாட்டில் யாருடையது என்பதே அவனுக்குக் குழம்பிப்போகும்.

பிள்ளைகள் வேலையை விட்டுவிடுவதற்குச் சோம்பலைவிடக் கை எட்டாததே பெரும்பாலும் காரணம். பாட்டில் பிரஷ் அவன் தோள் உயரத்துக் கொக்கியில் தொங்குகிறதா? சிங்க் எட்டுகிறதா, ஆடாத முக்காலி இருக்கிறதா? ஃபில்டர் குழாயை அவனால் மூட முடிகிறதா? இதை எல்லாம் முதலில் சரி செய்யுங்கள். முதல் வாரம் இருவரும் சேர்ந்து செய்யுங்கள். இரண்டாம் வாரம் பக்கத்தில் நின்று பாருங்கள், கை வைக்காதீர்கள். மூன்றாம் வாரம் உங்கள் அறையில் இருங்கள். மறந்தால் ‘பாட்டில் கழுவினாயா?’ என்று கேட்க வேண்டாம், ‘படத்தைப் பார்த்துவிட்டு வா’ என்று ஒரு முறை சொல்லுங்கள். அவன் கழுவியதை அவன் கண்ணெதிரே மறுபடி கழுவாதீர்கள். நீங்கள் எப்படியும் செய்துவிடுவீர்கள் என்று அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிடும். கழுவாத பாட்டில் மறுநாள் நாறினால், அதை அவனே கழுவட்டும். அன்றைக்குப் பள்ளிக்கு வேறு பாட்டிலில் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். தாகத்தோடு அனுப்புவது தண்டனையாகிவிடும், பாடமாகாது.

இந்த மூன்றும் சொல்லாமலே நடக்கத் தொடங்கிய பிறகு நான்காவதைச் சேர்க்கலாம். எட்டு, ஒன்பது வயதில் கால அட்டவணை பார்த்துப் பை அடுக்குவது, துணி மடிப்பது. பத்து, பதினொன்றில் அரிசி களைந்து அளந்து தண்ணீர் வைப்பது. குக்கரை அடுப்பில் ஏற்றுவதும் இறக்குவதும் பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: நான் நாள் முழுக்க மானிட்டர் முன்னால் இருக்கிறேன். மூன்று வயது மகள் ‘நீ மட்டும் பார்க்கிறாய்’ என்று போன் கேட்டு அடம்பிடிக்கிறாள். ஒரு முறை கீபோர்டைத் தட்டி, இரண்டு மணி நேர வேலை போய்விட்டது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் திரை முன்னால் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணியைத் தாண்டக் கூடாது, குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. உங்கள் மகளுக்கு உங்கள் வேலை வேடிக்கை பார்ப்பதாகத்தான் தெரியும். ஏனென்றால் விளைவு அவள் கைக்கு வருவதில்லை. வாரம் ஒரு முறை அச்சான நோட்டீஸையோ பெட்டி அட்டையையோ அவள் கையில் கொடுத்து, ‘அம்மா இதைத்தான் செய்தேன்’ என்று காட்டுங்கள்.

அச்சகத்தில் வெட்டி மிஞ்சும் ஆர்ட் போர்டு துண்டுகளைக் கேட்டு வாங்கி, உங்கள் மேசைக்குப் பக்கத்தில் அவளுக்கென ஒரு தட்டில் வையுங்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டையை மூன்று வயதுக் கை மடிக்கவும் ஒட்டவும் முடியும், சுருண்டு போகாது. புதிதாக வெட்டிய அட்டையின் ஓரம் விரலைக் கீறும் என்பதால், கொடுக்கும் முன் ஓரங்களை ஒரு முறை நகத்தால் தேய்த்துவிடுங்கள். கட்டர் பிளேடும் ஸ்பிரே பசையும் பூட்டிய இழுப்பறைக்குள் இருக்கட்டும். அவள் இருக்கும் அறையில் ஸ்பிரே பசை அடிக்கவே வேண்டாம்.

கீபோர்டு விஷயம் சுலபம். நாற்காலியை விட்டு எழும் ஒவ்வொரு முறையும் கண்ட்ரோல் எஸ், உடனே விண்டோஸ் பொத்தானோடு எல். திரை பூட்டிக்கொள்ளும். ஃபோட்டோஷாப்பில் தானாகச் சேமிக்கும் இடைவெளி 10 நிமிடமாக இருக்கும், அதை 5 ஆக்குங்கள். ஃபைல் பெயரின் கடைசியில் 01, 02 என்று எண் போட்டுக்கொண்டே போனால், ஒன்று கெட்டாலும் முந்தையது இருக்கும். அவள் வளர்ந்து கணினி தொடும்போது, நிர்வாக அனுமதி இல்லாத தனிக் கணக்கு ஒன்று திறந்து கொடுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனிகளுக்கு லேபிள், டேக் டிசைன் செய்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் திருத்தம் சொல்கிறார்கள். பிள்ளைகளைத் தூங்கவைக்கும் நேரம் அது.
– வாசகி, திருப்பூர்

பதில்: ஒன்பது மணிக்குத் திருத்தம் வருவதைத் தடுக்க முடியாது. அதை ஒன்பது மணிக்கே செய்ய வேண்டியதில்லை. ஆர்டர் எடுக்கும்போதே இதை எழுத்தில் அனுப்புங்கள்: ‘திருத்தங்களை மொத்தமாக ஒரே செய்தியில் அனுப்பவும். மாலை 6 மணிக்குள் வந்தால் மறுநாள் பகல் 12க்குள் மாற்றித் தருவேன். மூன்று முறை வரை கட்டணம் இல்லை, நான்காவது முறையிலிருந்து தனிக் கட்டணம். 50 சதவீத முன்பணம் வந்ததும் வேலை தொடங்கும்.’ குரல் செய்தியில் சொல்லும் திருத்தத்தை நீங்களே டைப் செய்து அனுப்பி, ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டு வாங்குங்கள். அளவு, துணியில் கலந்த இழைகளின் சதவீதம், துவைக்கும் குறிகள் தப்பினால் சரக்கே திரும்பும் என்பதால், ‘அச்சுக்குப் போகலாம்’ என்ற பதில் எழுத்தில் வராமல் ஃபைனல் ஃபைலைக் கொடுக்கவே கூடாது.

சொன்ன பகல் 12 மணியை நீங்கள் தவறாமல் காப்பாற்றினால் ராத்திரிக் கூப்பாடு தானாகக் குறையும். பல வாடிக்கையாளர்கள் துரத்துவது, வருமா வராதா என்று தெரியாததால்தான். பிள்ளைகளிடமும் இதே முறை: ‘இதோ வருகிறேன்’ என்று சொல்லாதீர்கள், ‘கடிகாரத்தில் பெரிய முள் 6க்கு வந்ததும் வருவேன்’ என்று சொல்லி, அப்போது எழுந்து போங்கள்.

கேள்வி: பதின்மூன்று வயது மகள் எனக்கு டைப் செய்து தருகிறேன் என்கிறாள். செய்யவிடலாமா? பணம் கொடுக்கலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: விடலாம். 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் அனுமதிக்கிறது. படிப்பு கெடக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. பள்ளி நாளில் அரை மணி, விடுமுறையில் ஒரு மணி போதும். தேர்வு மாதத்தில் வேண்டவே வேண்டாம்.

பழைய எழுத்துருக்களின் விசைப்பலகையை அவளுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். தமிழ்99 விசைப்பலகையைக் கற்கட்டும், எங்கும் பயன்படும். டைப் செய்வதைவிட அவள் நன்றாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தாளை அவள் சத்தமாக வாசிக்க, நீங்கள் அச்சுப் பிரதியில் பேனா வைத்து ஒத்துப் பார்ப்பது. பெயர்களை எழுத்து எழுத்தாக, எண்களை இலக்கம் இலக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஃபிளெக்ஸில் ஐலெட் (கயிறு கட்டும் உலோக வளையம்) அடிப்பது, கட்டரில் வெட்டுவது இரண்டும் கூடாது.

வீட்டு வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள், அது குடும்பத்தில் எல்லோருடைய பங்கு. உங்களுக்கு வருமானம் தரும் வேலையில் அவள் பங்குக்கு, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, வேலை முடிந்த அன்றே கொடுங்கள். ஒரு நோட்டில் தேதி, வேலை, தொகை மூன்றையும் அவளே எழுதட்டும். டைப் செய்ததில் பிழை வந்தால் காசைப் பிடிக்காதீர்கள், திருத்தும் வேலையை அவளிடமே கொடுங்கள்.