தையில் கல்யாணம்

அன்புள்ள ஐயா,
ஆத்தூர் பக்கம் பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ரிசல்ட்டில் பெண்பிள்ளைகளே முந்துகிறார்கள். அவர்களுக்கு இயல்பிலேயே பொறுப்பு அதிகம், பையன்களைச் செல்போன் கெடுக்கிறது என்கிறார் எங்கள் எச்.எம். சமூகவியல் என்ன சொல்கிறது? கடைசி பெஞ்சுப் பையன்களை எப்படிப் படிக்க வைப்பது?
– ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

செல்போனை விடுங்கள். செல்போன் வராத காலத்திலேயே நான் கணக்கில் பெயில்.

‘இயல்பு’தான் என்னைக் குடைகிறது. 2024 பிளஸ் டூ தேர்ச்சியில் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37. சரி. இயல்பு என்றால் உங்கள் பாட்டியும் என் பாட்டியும் ஏன் கைநாட்டு? அந்தப் பொறுப்பு அப்போது எங்கே போயிருந்தது? லண்டன் பள்ளி மாணவிகளிடம் சூ ஷார்ப் என்ற சமூகவியலாளர் 1970களில் பேசியபோது, வாழ்க்கையில் முக்கியம் காதல், கல்யாணம், கணவன், குழந்தை என்றார்கள். 1990களில் மறுபடி போனார். வேலை முன்னுக்கு வந்திருந்தது. இருபது வருஷத்தில் இயல்பு மாறுமா? எச்.எம்.மிடம் கேளுங்கள். சும்மா விடாதீர்கள்.

பையன்களைப் பற்றி பால் வில்லிஸ் என்ற ஆய்வாளர் 1977இல் எழுதினார். இங்கிலாந்தில் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் 12 பேர். படிக்கிறவனைக் கேலி பேசி, வாத்தியாரைச் சீண்டி, கடைசியில் அப்பன் செய்த மாதிரி வேலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். அதைப் படித்தபோது எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. எங்கள் தெருவில் பெயிலானவனுக்கு மறுநாளே கொலுசுப் பட்டறையில் இடம் உண்டு. நான் பெயிலான அன்று மாமா திட்டவே இல்லை. “திங்கக்கிழமை வந்துரு” என்றார், அவ்வளவுதான். முதல் வாரக் கூலியில் இரண்டு சினிமா பார்த்தேன்.

அக்காவும் கொலுசு வேலை செய்தாள், வீட்டில். மடியில் கொலுசு, பக்கத்தில் விரித்த புத்தகம். சலங்கை மாட்டிக்கொண்டே வாய்க்குள் ஒப்பிப்பாள். கூலி அப்பாவிடம் போகும். ஊரே அவளைப் பொறுப்பு, பொறுப்பு என்றது. நானும் அப்படித்தான் நம்பினேன். ஒருநாள் ராத்திரி, “ஏன்க்கா இப்படி உயிரைக் குடுத்துப் படிக்கிற?” என்றேன்.

“பெயிலானா தையில கல்யாணம்னுட்டாருடா சாமி அப்பா. பாஸானா ரெண்டு வருசம் தள்ளும்.”

பிளஸ் டூ முடித்தாள். சொன்னபடி ரெண்டு வருஷம்தான் தள்ளியது.

உங்கள் கடைசி பெஞ்சுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை, டீச்சர். முதல் பெஞ்சுப் பெண்களின் வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். ரிசல்ட்டுக்கு முன்னால்.