யாரிடம் போய்ச் சொன்னார்?

வணக்கம் ஐயா,

நான் வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். 2024 செப்டம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். இன்னும் முடிவெடுக்க முடியவில்லை. அநுரகுமார திசாநாயக்கவுக்குப் போடலாம் என்று மனம் சொல்கிறது. ஊழலைப் பற்றி அவர் பேசும்போது என் மனதில் இருப்பதைப் பேசுவது போல இருக்கிறது. ஆனால் பழையதை மறக்க முடியவில்லை. 1987இல் மாகாண சபையே கூடாது என்று நின்றது அவருடைய கட்சியான ஜே.வி.பி. 2005இல் அரசாங்கமும் புலிகளும் சேர்ந்து நடத்தவிருந்த சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பை எதிர்த்து அரசாங்கத்தை விட்டே வெளியேறியது. அடுத்த வருடம் அந்தக் கட்சிக்காரர்கள் போட்ட வழக்கில்தான் வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. இப்போது மாகாண சபைத் தேர்தலை நடத்துவோம் என்கிறார்கள். சர்வதேச நாணய நிதியம் பற்றிய பேச்சிலும் பழைய சூடு இல்லை. "நேற்று ஒன்று, இன்று ஒன்று பேசுகிறவருக்கு நாளைக்கு எதுவும் பேச வரும்" என்கிறார் அப்பா. "மனிசர் மாறக்கூடாதா?" என்று அண்ணா சண்டை பிடிக்கிறார். நான் எதை வைத்து முடிவெடுப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எழுதியதில் மிகைப்படுத்தல் ஒன்றுமில்லை. எல்லாம் நடந்தவைதான். அவர்கள் மாறவேயில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் சொல் மாறியவர்களை எல்லாம் கழித்துக்கொண்டே போனால், வாக்குச் சீட்டில் முன்னணியில் இருப்பவர்களில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்.

1994இல் நான் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பதாகச் சந்திரிகா குமாரதுங்க திகதி குறித்து வாக்குக் கொடுத்தார். அதை நம்பி ஜே.வி.பி. தன் வேட்பாளரையே விலக்கிக்கொண்டது. 62 வீதத்துக்கு மேல் எடுத்து அவர் வென்றார். என் அறையில் தொங்கிய கலண்டரில் அந்த ஜூலை 15ஐச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தேன். அது ஒரு சனிக்கிழமை. காலையில் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி, கடைசிப் பக்கம் வரை தேடினேன். ஒன்றுமில்லை.

காரணங்கள் இருந்தன. ஏப்ரலில் போர் மறுபடி தொடங்கியிருந்தது. பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் அவரிடம் இல்லை. அதை அன்றைக்கு எங்களைப் பார்த்து, "சொன்னதைச் செய்ய முடியவில்லை, இதனால்தான்" என்று சொல்லியிருந்தால் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். சொல்லவில்லை. செய்யாமல் விட்டதைவிட அந்த மௌனம்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்தக் கலண்டர் வருடக் கடைசி வரை அங்கேயே தொங்கியது.

அப்புறம் 2005இல் மஹிந்த ராஜபக்ஷவும் அதே வாக்கைக் கொடுத்தார். 2010இல் 18ஆவது திருத்தம் கொண்டுவந்து, இரண்டு தடவைக்கு மேல் போட்டியிட முடியாது என்ற தடையையே எடுத்துவிட்டார். 2015இல் மைத்திரிபால சிறிசேன 19ஆவது திருத்தத்தால் தன் அதிகாரத்தைத் தானே குறைத்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 2018இல் பாராளுமன்றத்தைக் கலைத்து, அது சட்டவிரோதம் என்று ஏழு நீதியரசர்கள் ஒருமித்துச் சொல்லும் நிலைக்குப் போனவரும் அவரேதான்.

இவை கொழும்பில் நடந்த மாற்றங்கள். நம் வயலுக்குள் வந்த மாற்றம் ஒன்று இருக்கிறது. கோட்டாபய ராஜபக்ஷவின் 2019 விஞ்ஞாபனத்தில், பத்து வருடத்தில் சேதன விவசாயத்துக்கு மாறுவது என்று இருந்தது. பத்து வருடம் என்றால் யாரும் பயப்படப் போவதில்லை, நல்ல எண்ணம் என்றுதான் நானும் நினைத்தேன். 2021 ஏப்ரலில் அந்தப் பத்து வருடம் ஒரே அறிவிப்பில் மறைந்துபோனது. இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. அந்தப் பெரும்போகத்தில் சித்தப்பாவின் வயலுக்குப் போனேன். இடுப்பளவுக்கு வந்திருக்க வேண்டிய பயிர் முழங்காலுக்குக் கீழே, வெளிறிய மஞ்சளாக நின்றது. சித்தப்பா ஒரு கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக் காட்டினார். பாதிக்கு மேல் பதர். நவம்பரில் தடையை விலக்கினார்கள், ஆனால் விதைப்பு முடிந்துவிட்டிருந்தது.

இத்தனை வருடம் பார்த்த பிறகு நான் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு கேள்விதான். ஒருவர் தன் நிலைப்பாட்டை மாற்றினால், அதை யாரிடம் போய்ச் சொன்னார்? கேட்டுக் கைதட்டப் போகிறவர்களிடமா, முகம் சுளிக்கப் போகிறவர்களிடமா? நம் நாட்டில் இதைச் சோதிப்பது லேசு. ஒரே வேட்பாளர் யாழ்ப்பாணத்தில் ஒரு மேடை, மாத்தறையில் ஒரு மேடை ஏறுகிறார். இங்கே தமிழில் சொன்னதை அங்கே சிங்களத்திலும் சொன்னால், அந்த மாற்றத்துக்கு அவர் விலை கொடுக்கத் தயார் என்று அர்த்தம். இங்கே மட்டும் சொன்னால் விலை கொடுக்கப் போவது நாங்கள்.

இதே அளவுகோலை மற்ற வேட்பாளர்களுக்கும் வையுங்கள். ரணில் விக்கிரமசிங்க, மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவேன் என்றார். 2023 பெப்ரவரியில் பிக்குகள் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் அந்தத் திருத்தத்தின் பிரதியை எரித்தார்கள். ஜூலையில் பார்த்தால், பொலிஸ் அதிகாரம் இல்லாத 13 என்று அது சுருங்கிவிட்டது. எனக்கு அந்தப் பதில் கசந்தது. ஆனாலும் அதைத் தமிழ்க் கட்சிகளைக் கூப்பிட்டு அவர்கள் முகத்துக்கு நேரேதான் சொன்னார், அதை மறைக்கக் கூடாது. சஜித் பிரேமதாச இந்த ஜூனில் கிளிநொச்சிக்கு வந்து 13ஐ முழுமையாகத் தருவேன் என்றார். சரி, நல்லது. அதே வசனத்தைக் குருநாகல் கூட்டத்தில் எப்படிச் சொல்கிறார் என்று தேடிக் கேளுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இனி உங்கள் வேட்பாளருக்கு வருவோம். நாணய நிதியம் பற்றிய மாற்றத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டது. 2023 மார்ச்சில் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உடன்படிக்கை வந்துவிட்டது. அதற்கு முன்னால் பேசியதையே இன்றும் ஒருவர் பேசினால்தான் நான் பயப்படுவேன். நிலைமை மாறியது, பேச்சும் மாறியது. உடன்படிக்கையை விட்டு ஓட மாட்டோம், அதற்குள் நின்று திரும்பப் பேசுவோம் என்பது யோசித்துச் சொன்ன நிலைப்பாடாகவே எனக்குத் தெரிகிறது.

மாகாண சபை விடயம் அப்படி இல்லை. 2006இல் எங்களுக்கு என்ன தேவைப்பட்டதோ, அதுதான் இன்றைக்கும் தேவை. எங்கள் பக்கத்தில் ஒன்றும் மாறவில்லை. அப்படியென்றால் அவர்கள் பக்கத்தில் என்ன மாறியது? தேர்தலை ஒரு வருடத்துக்குள் நடத்துவோம் என்று விஞ்ஞாபனத்திலேயே எழுதியிருப்பதை நான் மதிக்கிறேன். விஞ்ஞாபனம் தெற்கிலும் எல்லார் கைக்கும் போகிறது, ஒளித்துச் சொன்னது இல்லை. ஆனால் பழையதைப் பற்றிய கேள்வி அதோடு தீராது. அன்றைக்கு அந்த வழக்கைப் போட்டது சரியா, பிழையா? "பிழை" என்று சொன்னால் அவர் உண்மையிலேயே மாறியிருக்கிறார். "சரிதான், ஆனால் மாகாண சபை இருக்கிற வரைக்கும் தேர்தல் வைப்போம்" என்று சொன்னால், அதுவும் நேர்மையான பதில்தான், எதை எதிர்பார்க்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். "பழையதை ஏன் கிண்டுகிறீர்கள்" என்று சொன்னால் அப்பா சொன்னதை ஒருமுறை யோசியுங்கள்.

இன்னொன்று. ஒரே ஆளை முழுதாக நம்பியாக வேண்டும் என்ற கட்டாயம் நம் வாக்குச் சீட்டில் இல்லை. 1, 2, 3 என்று மூன்று பேரை வரிசைப்படுத்தலாம். முதலாமவர் 50 வீதத்தைத் தாண்டாவிட்டால், முதல் இரண்டு பேரும் அல்லாத மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த தெரிவைப் பார்ப்பார்கள். 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தலிலும் அதற்குத் தேவை வரவில்லை, அதனால்தான் நம்மில் பலர் ஒரு புள்ளடியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். இம்முறை மூன்று பேர் பலமாக நிற்கிறார்கள். உங்கள் தயக்கத்தையே வரிசையாக எழுதிவிட்டு வரலாம். எண் போட்டால் எண் மட்டும் போடுங்கள், புள்ளடியையும் எண்ணையும் கலக்க வேண்டாம். இதை அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

வவுனியாப் பக்கம் அவர்களுடைய கூட்டம் வந்தால், அந்த 2006 கேள்வியை ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மேடைக்குக் கொடுங்கள். அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், உங்கள் பெயர் இல்லாமல் இங்கேயே போடுகிறேன்.

அன்புடன்.