பழுதா, கேரக்டரா? டிலே பெடல் வாங்கினவங்க கேட்ட கேள்விகள்

கேள்வி (அல்சூர்): அண்ணா, இன்ஸ்டாகிராம்ல கையால செஞ்சு விக்கிறவர்கிட்ட ரெண்டு வாரம் முன்னாடி 9,500 ரூபாய்க்கு எக்ஸ்பெரிமென்டல் டிலே பெடல் வாங்கினேன். ஆன் பண்ணாலே கொய்ங்னு விசில், சில நேரம் கிட்டாரைத் தொடாமலே ஊளையிடுது. கேட்டா "எக்ஸ்பெரிமென்டல்னா அப்படித்தான் ப்ரோ, அதான் இதோட கேரக்டர்"ங்கிறார்.

பதில்: இந்த கேரக்டர்ங்கிற வார்த்தை இருக்கே, அதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஓட்டைக் குடத்தை வித்துட்டு ஷவர்னு சொல்ற கதை. பெடல்னா கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவுல கோத்து, காலால அமுக்கற சின்னப் பெட்டி. டிலேங்கிறது நீங்க வாசிச்சதைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சு எக்கோ மாதிரி திருப்பிக் குடுக்கறது, அவ்ளோதான், அந்தத் திரும்பி வந்ததுல எவ்வளவு மறுபடி உள்ள போகணும்ங்கிறதுதான் ஃபீட்பேக் (சில பெடல்ல ரிபீட்ஸ்னு போட்டிருக்கும்), எக்ஸ்பெரிமென்டல் வகையறா அதையே பின்னாடியிருந்து ஓட்டும், பொடிப்பொடியா நறுக்கிக் கலைச்சுப் போடும், ஸ்ருதியை ஏத்தி இறக்கும். ஃபீட்பேக்கை ரொம்ப ஏத்தினா ஒவ்வொரு சுத்துக்கும் சத்தம் அடங்காம ஏறிக்கிட்டே போய் தானா ஊளையிடும், அது நார்மல், அதுக்குன்னே வாங்கறவங்க இருக்காங்க. டைம் குமிழைத் திருப்பறப்ப ஸ்ருதி வழுக்கறதும் நிறைய பெடல்ல நார்மல்.

ஆனா குமிழை இறக்கினா அடங்கணும்பா. ஃபீட்பேக் ஜீரோ, மிக்ஸ் (எக்கோ எவ்வளவு கலக்கணும்ங்கிற குமிழ்) ஜீரோ வெச்சு வாசிங்க, கிட்டார் மட்டும் சுத்தமா வரணும். அப்பவும் விசில் வந்தா முதல்ல சப்ளையைப் பாருங்க, ஒரே அடாப்டர்ல நாலு பெடலைக் கோத்து வெச்சிருந்தா டிஜிட்டல் பெடல் இப்படித்தான் கத்தும், இதை மட்டும் தனி 9 வோல்ட்ல போடுங்க. அப்பவும் அடங்கலையா, ஜாக்கை அசைச்சா கரகரங்குதா, அது பழுது, கேரக்டரும் இல்ல கிரகமும் இல்ல. குமிழ் எங்க இருக்குன்னு தெரியற மாதிரி வீடியோ எடுத்து, இன்னைக்கே எழுத்துல பணத்தைத் திருப்பிக் கேளுங்க. பில்லுல கெடு எதுவும் போடலைன்னா, பழுதான பொருளை 30 நாளுக்குள்ள திரும்ப எடுத்துப் பணம் தர மறுக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வியாபாரம். பில்லே தரலையா, அதுவும் அதே கணக்குதான். மசியலைன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுங்க. ரெண்டு வாரம் போயாச்சு, "பாக்கறேன் ப்ரோ"ன்னு இழுத்தடிக்க விடாதீங்க.

கேள்வி (கோரமங்களா): கிட்டார் கத்துக்க ஆரம்பிச்சு ரெண்டு மாசம். ரிவர்ஸ் (பின்னாடியிருந்து ஓட்டறது), கிரானுலார் (பொடியா நறுக்கறது) எல்லாம் இருக்கற டிலே 28,000 ரூபாய், இஎம்ஐல எடுக்கலாமா?

பதில்: வேணாம்.

கேள்வி (லிங்கராஜபுரம்): "ரியல் அனலாக்"னு பெட்டியில போட்டிருந்துச்சு. சர்ச் பேண்ட்ல கூட வாசிக்கறவர் பின்மூடியைக் கழட்டிப் பாத்துட்டு, உள்ள இருக்கறது பிடி2399 சிப்புன்னு சிரிச்சார். ஏமாந்துட்டேனா?

பதில்: நீங்க ஏமாறலை, ஏமாத்தியிருக்காங்க. அந்தச் சிப்பு கரோக்கி எக்கோவுக்குன்னு வந்தது, உள்ளுக்குள்ள டிஜிட்டல், அதாவது சிக்னலை எண்ணா மாத்தித்தான் பிடிச்சு வைக்கும். நிஜ அனலாக்னா பக்கெட் பிரிகேட் சிப்பு, 1969ல ஃபிலிப்ஸ்ல கண்டுபிடிச்சது, தீப்பிடிச்ச இடத்துல வரிசையா நின்னு வாளியைக் கைமாத்தற மாதிரி சிக்னலை ஒவ்வொரு கெப்பாசிட்டரா தள்ளிக்கிட்டே போகும். சரி, பிடி2399 கெட்ட சிப்பும் இல்ல, மங்கலா, கதகதப்பா நல்லாவே இருக்கும், டைமை ரொம்ப நீட்டினாத்தான் இரைச்சல் கூடும். அப்படி ஒண்ணை அனலாக்னு நம்பி ரெண்டு மடங்கு விலை குடுத்து வாங்கி, மூணு வருஷம் "அனலாக் வார்ம்த்தைக் கேளுடா"ன்னு வீட்டுக்கு வந்தவனையெல்லாம் உக்கார வெச்சு கேக்க வெச்ச ஆள்தான் உங்களுக்கு இப்ப பதில் எழுதறான். சவுண்ட் பிடிச்சிருந்தா வெச்சுக்கங்க, ஆனா பொய் விவரம் போட்டு வித்ததுக்கு கம்ப்ளைன்ட் பண்ணுங்க.

கேள்வி (விஜயநகர்): வீட்டுல இருந்த 12 வோல்ட் ரவுட்டர் அடாப்டரைச் சொருகினேன், பின் கரெக்டா உள்ள போச்சு. பொசுங்கின வாடை, பெடல் செத்துடுச்சு. வாரன்ட்டி கிடைக்குமா?

பதில்: பின் உள்ள போச்சாம்! சாவி துவாரத்துக்குள்ள குச்சி கூடத்தான் போகும். பெரும்பாலான பெடல் 9 வோல்ட், சென்டர் நெகட்டிவ் (பின்னோட நடுவுல மைனஸ்), ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் சென்டர் பாசிட்டிவ், ரெண்டு மேலயும் படம் போட்டே எழுதியிருக்கும், படிக்க அரை நிமிஷம் ஆகாது. மில்லிஆம்ப் (அடாப்டர் தர்ற கரன்ட்) எவ்வளவுன்னும் பாக்கணும், டிஜிட்டல் டிலேக்கு அது கூடுதலா வேணும். வாரன்ட்டியை மறந்துடுங்க. உள்ள காவலுக்கு வெச்ச டயோடு மட்டும் போயிருந்தா சின்ன செலவுதான், பெங்களூர் எஸ்பி ரோடு பக்கம் சர்க்யூட் தெரிஞ்ச ஆளா பாத்து காட்டுங்க. (நான் இதே மாதிரி ரெண்டு பெடலைக் கொன்னிருக்கேன். அந்தக் கோவம்தான்.)

கேள்வி (சிவாஜிநகர்): டேப் டெம்போ (காலால தட்டி வேகம் செட் பண்ற வசதி) இல்லாத பெடல். 96 பிபிஎம் (நிமிஷத்துக்கு 96 பீட்) பாட்டுக்கு எப்படி செட் பண்றது?

பதில்: 60,000ஐ (ஒரு நிமிஷத்துல இருக்கற மில்லிசெகண்ட்) பிபிஎம்மால வகுங்க. 625 மில்லிசெகண்ட், ஒரு பீட். டாட்டட் எயித் வேணும்னா அதுல முக்கால், 469.

கேள்வி (கேஆர் புரம்): பழைய டிலே ஒண்ணுக்கு அட்வான்ஸ் 4,000 ரூபாய் யுபிஐல அனுப்பினேன், இன்னைக்குக் காலையில இருந்து ஆள் பிளாக் பண்ணிட்டார். என் தப்புதானே சார்?

பதில்: உங்க தப்பு இல்ல தம்பி, திருடினவன் தப்பு. இதைப் படிச்சு முடிக்கக்கூட வேணாம், உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, பணம் அடுத்த அக்கவுன்ட்டுக்குப் போறதுக்குள்ள சொன்னாத்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு. ட்ரான்சாக்ஷன் நம்பர், சாட் ஸ்கிரீன்ஷாட் கையில இருக்கட்டும், பேங்குக்கும் சொல்லிடுங்க.